கல் இல்லாத சீமையில் நிலவியல்

கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினத்துக்குப் பேருந்தில் செல்லும்போது ஒரு வேலை செய்து பாருங்கள். சன்னலோரம் அமர்ந்து, வழியில் எங்காவது தரையிலிருந்து இயற்கையாகத் தலைநீட்டும் பாறை ஒன்று தென்படுகிறதா என்று கவனியுங்கள். தென்படாது. வயல், வாய்க்கால், தென்னை, மூங்கில், மீண்டும் வயல். அவ்வளவுதான். "கோயில்கள் எல்லாம் கருங்கல்தானே?" என்று கேட்பீர்கள். அந்தக் கல் அனைத்தும் வெளியிலிருந்து வந்தது. 1010-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் பல மைல் தொலைவிலிருந்துதான் கல் கொண்டுவர வேண்டியிருந்தது. உங்கள் வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும்கூட வெளியூர்க்காரர்களே!

இப்படிப்பட்ட ஊரில் பிறந்த மாணவி ஒருத்தி கல்லூரியில் நிலவியல் படிக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மலைகளும் ஆறுகளும் நாடுகளும் எங்கெங்கே உள்ளன என்று கூறும் புவியியல் வேறு. பூமி எதனால் ஆனது, எப்படி உருவாயிற்று, அடியில் என்ன இருக்கிறது என்று ஆராயும் நிலவியல் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பெரியவர்களிலும் உண்டு. பாறையைப் பற்றிய படிப்பைப் படித்துவிட்டு, பாறையே இல்லாத காவிரிப் படுகைக்கு அவள் திரும்பி வந்தால் இங்கே அவளுக்கு என்ன வேலை? மூன்றாண்டுப் படிப்பின் முடிவில் அவள் எதைக் கற்றிருந்தால் இந்தச் சீமைக்குப் பயன்படுவாள்?

அவள் சென்னை மாநிலக் கல்லூரியிலோ, திருச்சி தேசியக் கல்லூரியிலோ, கொள்ளிடத்துக்கு வடகரையில் சிதம்பரத்தை ஒட்டியுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ சேரலாம். எங்கே சேர்ந்தாலும் முதலில் அவளை வரவேற்பது பெயர்களின் பெரும்படை. குவார்ட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா என்று கனிமங்கள். நைஸ், சார்னோகைட், பசால்ட் என்று பாறைகள். அவற்றோடு தொல்லுயிர்களின் பெயர்கள், ஊழிகளின் பெயர்கள். இவற்றைக் கற்கத்தான் வேண்டும். ஆனால் பெயர்களோடு நின்றுவிட்டால் அது நிலவியல் ஆகாது. தெருவில் உள்ள அனைவரின் பெயரும் தபால்காரருக்குத் தெரியும். எந்தக் குடும்பம் எப்போது இங்கே குடிவந்தது, யாருக்கு யார் என்ன உறவு, எந்த வீடு எதற்குப் பின் கட்டியது என்பது ஊர்ப் பெரியவருக்குத்தான் தெரியும். நிலவியல் பட்டதாரி அந்தப் பெரியவரைப் போன்று இருக்க வேண்டும்.

மேலே தெரியும் சிறு அடையாளங்களைக் கொண்டு கீழே தெரியாமல் இருப்பதை அறிவது, அப்படி அறிந்தது எந்த அளவுக்கு உறுதியானது என்று கூறுவது, இவ்விரண்டும்தான் அவள் கற்க வேண்டிய கலை என்பது என் கருத்து. பாறை வெளியே தெரியும் மலைநாட்டைவிட, எல்லாம் மூடிக்கிடக்கும் காவிரிப் படுகையே இதற்குக் கடுமையான தேர்வு மண்டபம். வாருங்கள், அந்த மண்டபத்துள் நாமும் சிறிது நடந்து பார்ப்போம்.

வல்லத்தில் தொடங்குவோம்

தஞ்சைக்குத் தென்மேற்கே வல்லம் இருக்கிறது. அங்கே மண் சிவப்பு. நிலம் சற்று மேடு. அங்கிருந்து கிழக்கே தஞ்சையைக் கடந்து ஆற்றுப்பாசன வயல்களுக்குள் இறங்கினால் மண் சாம்பல் நிறமாகவும் கருமையாகவும் மாறிவிடுகிறது. பேருந்தில் போகிறவர் இதைக் கவனிக்கமாட்டார். நிலவியல் மாணவி பேருந்தை விட்டு இறங்கிவிடுவாள்! இரு வேறு காலத்து நிலங்கள் சந்திக்கும் எல்லை அல்லவா அது?

நிறமே அவளுக்கு முதல் சான்று. காற்றுப் பட நெடுங்காலம் வெளியே கிடந்த மண்ணில் உள்ள இரும்பு துருப்பிடித்துச் சிவக்கிறது. நீரில் ஊறிக் காற்றுப்படாமல் கிடக்கும் மண் சாம்பல் நிறமாகிறது. இதைச் சோதிக்கக் கல்லூரி ஆய்வுக்கூடம் தேவையில்லை. நீர் நின்ற வயலிலிருந்து ஒரு நெற்பயிரை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். சேறு சாம்பல் நிறமாக இருக்கும். வேரின் மேல் மட்டும் செம்பழுப்பாகத் துரு படிந்திருக்கும். பயிர் தன் வேர் வழியே கீழே அனுப்பிய உயிர்க்காற்றின் வேலை அது.

வல்லத்துச் செம்மண்ணுக்கு அடியில் இருப்பது கடலூர் மணற்கல் என்னும் படிவப் பாறை. காவிரியின் வண்டலைவிட மிகமிகப் பழையது. இதே படிவம் நெய்வேலியிலும் உண்டு. இனிமேல்தான் முக்கியமான செய்தி வருகிறது. இந்தப் படிவம் தஞ்சையோடு முடிந்துவிடவில்லை. கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்து, வண்டலுக்கு அடியில் புகுந்து, கடலை நோக்கிச் செல்கிறது. வல்லத்தில் காலடியில் மிதிபடும் பாறை, கிழக்கே போகப் போக ஆழத்துக்குப் போய்விடுகிறது.

"மெல்ல" என்றால் எவ்வளவு? உங்கள் கணக்குப் புத்தகத்தில் உள்ள டான்ஜென்ட் அட்டவணையை எடுங்கள். 1 பாகை சாய்வுக்கு மதிப்பு 0.0175. ஒரு படிவம் 1 பாகை மட்டுமே சாய்ந்திருந்தால், கிடையாக 1 கிலோமீட்டர் போகும்போது 17.5 மீட்டர் இறங்கும். 10 கிலோமீட்டரில் 175 மீட்டர்! ஒரு மேசையை 1 பாகை சாய்த்து வைத்தால் உங்கள் கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆனால் கிணறு வெட்டுபவருக்கு அது 60 அடிக்கும் 600 அடிக்கும் உள்ள வேறுபாடு. தாளின் மேல் நிலத்தின் குறுக்குவெட்டை வரைந்து, "இந்த இடத்தில் இத்தனை மீட்டரில் இந்தப் படிவம் வரும்" என்று முன்கூட்டியே சொல்லத் தெரிவது பட்டதாரிக்கு மிகவும் அடிப்படையான திறன். மூன்று பரிமாணத்தில் எண்ணிப் பார்க்கும் பழக்கம் வராதவர்கள் எத்தனை பாறைப் பெயர் அறிந்தும் பயனில்லை.

மன்னார்குடிக் கேள்வி

சாய்ந்து செல்லும் அந்த மணற்கல் நீரைத் தாங்கும் பாத்திரம் போன்றது. மணல் மணிகளுக்கு இடையே உள்ள சந்துகளில் நீர் நிறைந்திருக்கும். மேற்கே மேட்டில் பெய்யும் மழை அதனுள் இறங்கி, மேலும் கீழும் களிமண் படலங்கள் அடைத்திருப்பதால் அழுத்தத்தோடு கிழக்கே நகர்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இத்தகைய அழுத்த நீர் இருக்கிறது. அதை இடைவிடாமல் இறைத்து வெளியேற்றாவிட்டால் சுரங்கத்தின் தரையை அது உடைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். நெய்வேலியில் நிலக்கரியை வெட்டுவதற்கு நிகரான வேலை நீரை அடக்குவது.

மன்னார்குடிப் பகுதியிலும் ஆழத்தில் பழுப்பு நிலக்கரிப் படலங்கள் உண்டு. அவற்றில் தங்கியுள்ள மீத்தேன் வாயுவை எடுக்கும் திட்டத்துக்கு 2010-ஆம் ஆண்டில் உரிமம் வழங்கப்பட்டது. உழவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 2020-ஆம் ஆண்டில் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. இதன் அரசியலை நாம் இங்கே பேசவில்லை. நம் மாணவியிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இதில் இருக்கிறது.

நிலக்கரியில் உள்ள வாயு நீரின் அழுத்தத்தால் அடங்கிக் கிடக்கிறது. வாயு வெளிவர வேண்டுமானால் முதலில் அந்தப் படலத்தின் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அப்படி இறைத்தால் மேலே உள்ள குடிநீர்ப் படிவத்தின் நீரும் இறங்கிவிடுமா? இதுதான் கேள்வி. விடை இடையில் உள்ள களிமண் படலத்தைப் பொறுத்தது. அது தடித்து, எங்கும் விட்டுப்போகாமல் பரவியிருந்தால் மேல்நீர் பெரும்பாலும் தப்பும். நடுவில் ஓரிடத்தில் அது மெலிந்து மறைந்திருந்தால்? அல்லது பழைய ஆறு ஒன்று அதை அறுத்துக்கொண்டு போய், அந்தப் பள்ளத்தை மணலால் நிரப்பியிருந்தால்? அந்த ஓர் ஓட்டை போதும்.

இரண்டு துளைகள் போட்டு, இரண்டிலும் 20 மீட்டர் ஆழத்தில் களிமண் கிடைத்தால், இடையில் உள்ள 5 கிலோமீட்டரிலும் அதே களிமண் இருக்கிறது என்று கோடு போட்டுவிடலாமா? போடலாம், ஆனால் அந்தக் கோட்டைப் புள்ளிக்கோடாகப் போட வேண்டும். நிலவியல் வரைபடத்தில் நேரில் கண்டதை முழுக்கோடாகவும், ஊகித்ததைப் புள்ளிக்கோடாகவும் காட்டுவது மரபு. மூன்றாண்டில் கற்கும் அத்தனை மரபுகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஓர் ஊரின் குடிநீர் அந்தக் கோட்டைச் சார்ந்திருக்கும்போது, ஊகத்தை முழுக்கோடாக வரைகிறவரை எப்படி நம்புவது?

இன்னும் கீழே என்ன?

மணற்கல்லுக்கும் கீழே போனால் கதை இன்னும் பழையது. இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒன்றாக ஒட்டியிருந்த பெருங்கண்டம் பிளந்தபோது, இன்றைய தமிழகக் கரையோரம் இழுபட்டுத் தாழ்ந்தது. அந்தப் பள்ளம் 10 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகச் சேறும் மணலும் சுண்ணாம்பும் படிந்து நிறைந்தது. சில இடங்களில் இப்படிவங்கள் பல கிலோமீட்டர் தடிப்பு உடையவை.

பல கிலோமீட்டர் ஆழத்தை யார் போய்ப் பார்ப்பது? அதிர்வலைகளைக் கீழே அனுப்பி எதிரொலியைக் கேட்கிறார்கள். பாறையில் அலையின் வேகம் நொடிக்கு 3000 மீட்டர் என்று கொள்வோம். எதிரொலி திரும்ப 2 நொடி ஆனால், போக ஒரு நொடி, வர ஒரு நொடி. ஆழம் 3 கிலோமீட்டர். எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் இவ்வாறு தேடித்தான் நாகப்பட்டினத்துக்கு அருகே நரிமணத்திலும் திருவாரூருக்கு அருகே கமலாபுரத்திலும் எண்ணெய் கண்டது.

கடனாகக் கேட்ட எதிரொலி மட்டும் போதாது. கண்ணாலும் பார்க்க வேண்டும் என்றால் அதற்கும் வழியுண்டு. கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே அரியலூருக்குப் போகவேண்டும். தஞ்சைக்கு அடியில் புதைந்து கிடக்கும் அந்தக் காலத்துக் கடற்படிவங்கள் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் தரைக்கு வந்து வெயில் காய்கின்றன. சுருள்சுருளான அம்மோனைட் ஓடுகளையும் சிப்பிகளையும் அங்கே காணலாம். சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. அதைப் பற்றி 1940-இல் எழுதி உலகறியச் செய்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். இந்தியாவெங்கிலுமிருந்து நிலவியல் மாணவர்கள் அரியலூருக்கு வருவது வெறும் சுற்றுலா அன்று. மூடிக்கிடக்கும் ஒரு பெட்டியின் திறந்த மூலை அது.

மணலையும் நீரையும் பிரிக்க முடியாது

மாணவி கற்க வேண்டிய மற்றொன்று, நிலம் இன்றும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பது. அதற்குக் காவிரியைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. கடலுக்குப் போகக் கொள்ளிடத்தின் வழி குறுகியது. ஆகையால் சரிவு அதிகம். சரிவு மிகுந்தால் வேகம் மிகும். வேகம் மிகுந்தால் மணலை இழுத்துச் செல்லும் ஆற்றலும் மிகும். எனவே கொள்ளிடம் தன் படுகையை ஆழமாக்கிக்கொண்டு மேலும் மேலும் நீரைப் பறித்தது. காவிரியோ மெதுவாக ஓடி மணலைப் படியவிட்டு மேடிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை வயல்கள் வறளத் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டுவித்தார். காவிரிக்கு நீர் வந்தது. கதை இத்தோடு முடிந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சில ஆண்டுகளில் எதிரான தொல்லை தொடங்கியது. இப்போது காவிரி அளவுக்கு மீறி நீரை இழுத்துத் தன் படுகையை அரிக்கலாயிற்று. அதன் தலைப்பிலும் ஓர் அணையை 1845-இல் கட்டிக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. ஆற்றில் நீரோடு மணலும் ஓடுகிறது. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறும்.

சோழர் காலத்துக் கல்லணையைக் கண்டு காட்டன் வியந்ததும் இதனால்தான். அங்கே அடியில் பாறை கிடையாது. ஆழம் காணாத மணல். பெருங்கற்களை அந்த மணலின்மேல் இட்டு, அவை புதைந்து புதைந்து இறுதியில் நிலைகொள்ளும்படி கட்டியிருந்தார்கள். மணலில் அடித்தளம் இடும் அந்த நுட்பத்தைக் கல்லணையில் கற்றுக்கொண்டுதான் காட்டன் பிற்பாடு கோதாவரியில் தௌலேசுவரம் அணையைக் கட்டினார்.

காட்டனின் மேலணை 180 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் அதன் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. ஆற்றுப் படுகை என்பது கட்டிமுடித்துவிட்டு மறந்துவிடக்கூடிய தரை அன்று. 1934 முதல் மேட்டூர் அணை மேலிருந்து வரும் மணலில் பெரும்பகுதியைத் தடுத்து வைக்கிறது. கீழே லாரி லாரியாக அள்ளப்படும் மணலின் இடத்தை நிரப்ப, பழையபடி மேலிருந்து மணல் வருவதில்லை. இந்த வரவு செலவுக் கணக்கை எழுதத் தெரிந்தவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒருவராவது வேண்டும்.

உப்பும் ஒரு பங்கு நாற்பதும்

கடைசியாகக் கடற்கரைக்கு வருவோம். இங்கே ஒரு வேடிக்கை. ஊர்களில் கையில் வேப்பங்குச்சியோ தேங்காயோ வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவர் உண்டல்லவா? காவிரிப் படுகையில் அவர் சொல்லும் இடம் தவறவே தவறாது. ஏனென்றால் இங்கே எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும்! அது குடிக்கத் தக்கதா, உப்பா, எத்தனை ஆண்டு தாங்கும் என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

கடலோரத்தில் நிலத்தடி நன்னீர் கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. ஒரு கனமீட்டர் நன்னீர் 1000 கிலோகிராம். கடல்நீர் ஏறத்தாழ 1025 கிலோகிராம். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயர்ந்து நிற்கிறது என்றும், கீழே ஆழம் வரை நன்னீர் இருக்கிறது என்றும் கொள்வோம். அந்த ஆழத்தை x மீட்டர் என்போம். அடியில் இரு பக்க அழுத்தமும் சமமாக வேண்டும். அதாவது 1000 × (x + 1) = 1025 × x. இதைத் தீர்த்தால் x = 40. மேலே 1 மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே 40 மீட்டர் நன்னீர்!

கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. திருப்பிப் பாருங்கள். மோட்டார் வைத்து இறைத்து நீர்மட்டத்தை 1 மீட்டர் தாழ்த்திவிட்டால், நாளடைவில் அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறி வரலாம். இது எளிமையாக்கிய கணக்கு. களிமண் படலங்கள் குறுக்கிட்டால் மாறும். ஆனால் திசை மாறாது. கிணறு உப்பாகிறதே என்று இன்னும் ஆழமாகத் துளைப்பவர், பல இடங்களில் உப்பை நோக்கியே துளைக்கிறார்.

வேதாரண்யம் பக்கத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். கரைக்கு இணையாக நீண்ட மணல்மேடுகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியில், கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அன்று தரை. பின்னர் பனி உருகிக் கடல் ஏறி, சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய நிலையை ஒட்டி வந்தது. அதன்பின் கடல் பின்வாங்கப் பின்வாங்க அலைகள் விட்டுச்சென்ற பழைய கரைகளே இந்த மேடுகள். மழைநீர் அவற்றின் மணலில் இறங்கி ஒரு வில்லையைப் போல உப்புநீரின்மேல் தங்குகிறது. மேட்டில் ஆழமில்லாத ஊற்று இனிக்கும். இரண்டு மேடுகளுக்கு இடையில் உள்ள களிமண் தாழ்வில் தோண்டினால் கரிக்கும். அந்த மேட்டு மணலை அள்ளிவிட்டால் நீர் தங்கும் கலமே போய்விடுகிறது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கிணறுகளும் வயல்களும் உப்பாயின. அலை திரும்பியபோது பல இடங்களில் வயல்மேல் மணல் விரிப்பு ஒன்றை விட்டுச் சென்றது. நூறு ஆண்டு கழித்து ஒருவர் அங்கே தோண்டினால் களிமண்ணுக்கு நடுவில் மெல்லிய மணல் படலத்தைக் காண்பார். அது ஆற்று வெள்ளம் கொணர்ந்ததா, கடல் கொணர்ந்ததா? கைவில்லையால் மணலைப் பார்த்து, பெரும்பாலும் கடலில் வாழும் போராமினிபெரா என்னும் நுண்ணுயிரியின் ஓடு இருக்கிறதா என்று தேடுவார். முதலாண்டில் அலுப்போடு படித்த பெயர்கள் இப்போது கைகொடுக்கும்.

உங்கள் தெருவில் இதைச் செய்யலாம்

நீங்கள் கல்லூரிக்குப் போக இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் யாராவது புதிதாக ஆழ்துளைக் கிணறு போடும்போது, போர் போடுபவரிடம் கேட்டுக்கொண்டு, பத்தடிக்கு ஒரு பிடியாக வெளிவரும் மண்ணை வாங்கிப் பழைய செய்தித்தாளில் வரிசையாகப் பரப்புங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆழத்தை எழுதுங்கள். சிறிது மண்ணை விரல்களுக்கு இடையே தேயுங்கள்: நறநறப்பது மணல், மாவு போல் இருப்பது வண்டல், பிசுபிசுப்பது களிமண். கண்ணாடிப் புட்டியில் நீர் விட்டுக் குலுக்கி வைத்தால் மணல் ஓரிரு நிமிடத்தில் படியும். வண்டலுக்குப் பல மணி ஆகும். மென்களி மறுநாளும் நீரைக் கலக்கலாகவே வைத்திருக்கும். நிறம், சிப்பித் துண்டு, மக்கிய மரம், சுக்கான் கல் எது வந்தாலும் குறியுங்கள். சுக்கான் கல் என்று ஐயமிருந்தால் ஒரு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. ஆழத்து மண் மேலே வருவதற்குள் மேற்படிவங்களின் மண்ணும் அதில் கலந்துவிடும். ஆகவே 80 அடியில் கிடைத்த மண் என்று நீங்கள் எழுதுவது 70 அடியினதாகவும் இருக்கலாம். அதற்காக எழுதாமல் விட வேண்டாம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இடுங்கள். அடுத்த தெருவில் அடுத்த போர் போடும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே படலம் என்று தோன்றுபவற்றைப் பென்சிலால் இணையுங்கள். புள்ளிக்கோடாக.